திருப்பி அனுப்பப்பட்ட இரண்டு கேள்விகள்

தாலுக்கா அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் மனுக்களைத் திருப்பி அனுப்பியவன் நான். ஓய்வு பெற்றதும், செஞ்சிப் பக்கத்து உழவர் குழு ஒன்று, கூட்டுப் பட்டாவைப் பிரிக்க விண்ணப்பிப்பது எப்படி என்று இணையவழிப் பாடம் தயாரிக்கச் சொன்னது. பன்னிரண்டு வீடியோக்கள் எடுத்தேன். பன்னிரண்டிலும் நானே பேசினேன். கலந்துரையாட ஒரு வாட்ஸ்அப் குழு. அதற்கும் விதி வைத்தேன்: கேள்விக்கு மேலே ‘பொருள்’, அதன் கீழே ‘பார்வை’ என்று பாட எண்.

மேல்சித்தாமூர் விவசாயி ஒருவர் குரல்பதிவாகவே கேட்டார்: “சார், அண்ணன் காலமாயிட்டாரு. பட்டா எங்க ரெண்டு பேர் பேர்லயும் இருக்குது. இன்னா பேப்பர் வெக்கணும்?”

அவர் மனு ஏற்கெனவே இருமுறை தள்ளுபடியாகியிருந்தது. தனிப் பட்டா வந்தால்தான் கிணற்றுக்குக் கரண்ட் கேட்க முடியும்.

‘பாட எண் இல்லை. மீளச் சமர்ப்பிக்கவும்’ என்று பதில் போட்டேன். எண்ணோடு எழுதினார். பொருள் விடுபட்டிருந்தது. மறுபடியும் திருப்பினேன். அதன்பின் குழுவில் சத்தமே இல்லை. ஒழுங்கு வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன்.

ஒரு மாதம் கழித்து, நெல் விற்கும் கமிட்டி வாசலில் அவரைப் பார்த்தேன்.

“பாடம் பாக்கறீங்களா?”

“நாங்க தனியா ஒரு குரூப் வெச்சிட்டோம் சார்.”

“என்னைச் சேர்க்கவில்லையே?”

“நீங்க வந்தா அப்புறம் யாரு பேசுவா? கேள்வி கேக்கவே மனு எழுதணும்னா, நான் தாலுக்கா ஆபீசுக்கே போயிருப்பேனே!”

கூப்பிட்டால் மட்டுமே பேசுவது என்ற நிபந்தனையில் சேர்த்துக்கொண்டார். அங்கே அவர் கேள்விக்குப் பதிலாகத் தளவானூர்ப் பெண்மணி ஒருவர், தள்ளுபடியான தன் மனுவையே படமெடுத்துப் போட்டிருந்தார். வாரிசுச் சான்று இல்லை என்ற வரியில் சிவப்பு வட்டம். “எனக்கும் இதே கதிதான் அண்ணே. மொதல்ல இத வாங்குங்க.” அதை நானும் சொல்லியிருக்கிறேன், ஒன்பதாம் வீடியோவில், முப்பத்தோராம் நிமிடத்தில். அந்த நிமிடம்வரை யாரும் வந்து சேரவில்லை.

பாடத்தை மாற்றினேன். முதல் வாரம் என் குரலே கிடையாது. தள்ளுபடியான மனுவை ஆளுக்கொன்று போட வேண்டும்; குறையை மற்றவர்கள் கண்டுபிடிப்பார்கள். கை அரிக்கும். பொறுத்துக்கொள்கிறேன்.

போன வாரம் மேல்சித்தாமூர்க்காரரிடமிருந்து ஒரு செய்தி, தனிப் பட்டாவின் படத்தோடு:

‘பொருள்: பட்டா வந்துவிட்டது. பார்வை: தாங்கள் திருப்பி அனுப்பிய என் இரண்டு கேள்விகள்.’

படிவத்தில் குறையேதும் இல்லை.