கேமரன் மலையில் இரண்டு வேலையும் ஒரு வீடும்

சனி, காலை 8.00. ஈப்போவிலிருந்து தானா ராத்தாவுக்கு பஸ் டிக்கெட் இருபத்திரண்டு வெள்ளி. ரிங்கிட்டை எங்கள் நாட்டில் வெள்ளி என்றுதான் சொல்வோம். சனிக்கிழமையில் கேமரன் மலை ஏறுகிறவனுக்கு மூளை கிடையாது என்றாள் என் மனைவி. சரியாகத்தான் சொன்னாள். ஆனால் தங்கை சரோஜா ஃபோனில் அழாத குறை. அவள் மகள் வசந்திக்கு ஒரே வாரத்தில் இரண்டு வேலை வந்திருந்தது. ஒன்று அவர்கள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்தில், மற்றது லெம்பா பெர்த்தாமில் ஒரு காய்கறிப் பண்ணையில். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். எது நல்லது என்று நான் வந்து சொல்ல வேண்டுமாம்.

10.15. கம்போங் ராஜா வரை குறையில்லை. அதற்குமேல் பஸ் நகர்ந்தால்தானே! ஸ்ட்ராபெரிக் கடை வாசலில் காரை நடுரோட்டில் நிறுத்திவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இருபது கிலோமீட்டர் சொச்சத்துக்கு இரண்டரை மணி நேரம். கழுத்து வலிதான் மிச்சம்.

12.45. தானா ராத்தாவிலிருந்து தோட்டத்துக்கு டாக்சி முப்பது வெள்ளி. பேரம் படியவில்லை. ஓட்டுநர் தோட்டத்தில் ஆறு வருடம் கொழுந்து வெட்டும் மிஷின் பிடித்தவராம். தேயிலைச் செடி நிரைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு மூன்றாமவர்.

"முதுகு போச்சு சார். இப்ப அந்த வேலய விட்டுட்டேன், நிம்மதிலா," என்றார்.

1.30. தங்கை வீட்டில் சோறு தின்ற கையோடு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். தோட்டத்தில் மண்டோர் வேலை, அதாவது ஆட்களை வைத்து வேலை வாங்குவது. சம்பளம் 1,700, சேமநிதி உண்டு. ஏழெட்டு வருடத்தில் ஆபீஸ் கணக்கு பார்க்கும் கிராணி ஆகலாம். அதற்கு மேலே துரை, தோட்டத்து மேனேஜர். அது வெளியூர்ப் பட்டதாரிகளுக்கு. பண்ணையில் பாக்கிங் கொட்டகை மேற்பார்வை, 2,500. சந்தைக்குச் சரக்கு அனுப்பும் பொறுப்பு கிடைத்தால் மூவாயிரத்தைத் தாண்டும். நிலம் வருடாவருடம் லைசென்ஸ் புதுப்பிக்கிற நிலம் என்பது ஒன்றுதான் இடிக்கிறது. விவசாயம் படித்த பெண்ணுக்குப் பண்ணைதான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மச்சானுக்கு வாயெல்லாம் பல். சரோஜா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வசந்தி மட்டும், "நான் தோட்டத்துக்கே போறேன் மாமா," என்றாள். ஏன் என்று கேட்டால் அதையே திரும்பச் சொன்னாள். ஒன்றரை மணி நேரம் தொண்டை கிழியப் பேசினேன். கடைசியில் பொறுமை போய், உனக்கெல்லாம் எதற்குப் படிப்பு என்று கத்தியும் விட்டேன்.

அப்போதுதான் சரோஜா வாயைத் திறந்தாள்.

"அண்ணே, இது தோட்டம் குடுத்த வூடு. இங்க யாராச்சும் ஒருத்தர் பேரு தோட்டத்து ஆளுங்க ரோல்ல இருக்கணும். இவருக்கு டிசம்பரோட அறுவது, வேல முடிஞ்சிரும். அதுக்கப்புறம் சாவியக் குடுத்துடணும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள்! இதை ஃபோனிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? சொல்லக்கூடாது என்றது மச்சானாம். வீட்டுக்காக மகள் இந்தத் தோட்டத்தில் சிக்கிக்கொள்ளக்கூடாது, வேலையை மட்டும் பார்த்து மாமன் சொல்லட்டும் என்றாராம். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். என் தாளைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

5.10. வசந்தி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து பஸ் நிலையத்தில் விட்டாள். திட்டியதற்கு அவள் முகத்தில் கோபமே இல்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"மாமா, ஈப்போ வூட்ல எத்தன ரூமு?" என்றாள்.

நாலு என்றேன். பிள்ளைகள் சிங்கப்பூரில். நானும் மனைவியும்தான்.

"அப்பா அம்மாவ அங்க வச்சிக்கிறீங்களா? நான் பண்ணை வேலைக்குப் போயி பெர்த்தாம்லயே தங்கிக்கிறேன். மாசாமாசம் காசு அனுப்பிடுவேன். திங்கக்கெழம காலையில சொன்னா போதும்."

"அத்தைகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேம்மா," என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, என் பையை வாங்கி பஸ்ஸில் வைத்தாள்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு சரோஜா ஃபோன் செய்தாள். வசந்தி தோட்டத்து ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். நான் அதுவரை என் மனைவியிடம் கேட்கவே இல்லை.