யானைக்குட்டி கிடந்த மனை

நின்றே சம்பாதித்தவள் நான். படூரில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலை. பின்னால் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள், இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வரிசையில் ஆள் நிற்கும்போது உட்காரக் கூடாது. அந்தக் கடையில் வரிசை இல்லாத நேரம் என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வந்து காலை நீட்டினால் முட்டி இரண்டும் யாருடையதோ மாதிரி இருக்கும். டாக்டரம்மா, "உட்கார்ந்து பார்க்கிற வேலையா பாரும்மா" என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். அவருக்கென்ன, உட்கார்ந்துகொண்டுதானே சொன்னார்.

என் வீட்டுக்காரர் அதே படூரில் ஒரு காலேஜ் பஸ் ஓட்டுகிறவர். ஒருநாள் என் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "இன்னாத்துக்கு இன்னொருத்தன் கடையில நின்னுகினு கெடக்குற? நம்ம மனை சும்மாதானே கீது. நாமளே ஒன்னு போட்டா இன்னா?"

அந்த மனை அவர் அப்பா வழியில் வந்தது. மாமல்லபுரத்துக்கு மேற்கே எங்கள் ஊர்ச் சாலையில், கல்பாக்கம் அணுமின் நிலையத்து ஸ்டாஃப் பஸ்சுக்கு ஆட்கள் காத்து நிற்கும் இடத்துக்கு எதிரே. பெட்டிக்கடை போட எனக்கு ஆசையில்லை. கண்ணாடிக் கதவு, ஃப்ரீசர், பால், தோசை மாவு, பிரட், நாப்கின், ரீசார்ஜ் என்று எல்லாம் ஒரே கூரைக்குள் இருக்க வேண்டும். விடிவதற்கு முன்னால் திறந்து, ஊர் தூங்கப் போகும்போது பூட்ட வேண்டும். எங்கள் ஊரில் குழந்தைக்கு டயப்பர் தீர்ந்துபோனால் மாமல்லபுரத்துக்கு வண்டியை உதைக்க வேண்டும், அந்த நிலைமை.

கடைக்குப் பிளான் போடுவதற்கு முன்பே நான் நாற்காலியை முடிவு செய்துவிட்டேன். முதுகுக்குச் சாய்மானம், குஷன், சக்கரம், எல்லாம் வைத்த நாற்காலி. கல்லாவுக்குப் பின்னால் அது. அதில் நான். அதற்கு மேல் எனக்குப் பெரிய கனவு எதுவும் இல்லை.

ஊராட்சியில் தீர்மானம் போடுவார்கள், ஒன்றிய அலுவலகத்தில் அனுமதி கொடுப்பார்கள், கட்ட வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார்கள். சொன்னவர்களை இப்போதும் தேடிக்கொண்டிருக்கிறேன். முதல் கூட்டத்துக்கு உறுப்பினர்கள் போதிய அளவுக்கு வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு முன்னால் தேர்தல் அறிவித்து, நடத்தை விதி வந்துவிட்டது, ஒரு காகிதம் நகரக் கூடாது. தேர்தல் முடிந்து பார்த்தால் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரிக்கு மாற்றல். புதிதாக வந்தவர், கோப்பை முதலிலிருந்து படித்துப் பார்த்துத்தான் போடுவேன் என்றார். அவரைத் தப்புச் சொல்லவும் முடியாது. படிக்காமல் போட்டாலும் நாம்தான் திட்டுவோம்.

அந்த அலுவலகத்துக் கிளார்க் நல்ல மனுஷன். எப்போது போனாலும் ஒரே பதில்தான்: "வரும்மா, வரும்." எங்கிருந்து வரும், எந்த பஸ்சில் வரும் என்று கேட்டால் சிரிப்பார்.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த அலைச்சல் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. எனக்கு வாரத்தில் ஒருநாள் லீவு. காலேஜ் பஸ்சுக்குக் காலை டிரிப்புக்கும் சாயங்கால டிரிப்புக்கும் நடுவில் வேலை இல்லை. அன்றைக்கு அவர் பைக்கில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போவார். அலுவலகத்து வாசலில் மசால் வடை, மோர். கிளார்க்கின் 'வரும்.' திரும்பும்போது கடற்கரைச் சாலை வழியாக வந்து, படகு கரையேறியிருந்தால் மீன். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இவ்வளவு ஊர் சுற்றவில்லை.

புது அதிகாரி கோப்பைப் படித்து முடித்து, இடத்தைப் பார்த்து வர ஓவர்சியரை அனுப்பினார். அவர் வந்த அன்று நான் படூரில் நின்றுகொண்டிருந்தேன். வீட்டில் இருந்தது என் வீட்டுக்காரர். வினையே அங்கேதான்.

எங்கள் மனையின் மூலையில் ஒரு கல் யானைக்குட்டி கிடந்தது. என் தம்பி மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறையில் வேலை செய்கிறான். அவன் செதுக்கியது அது. தும்பிக்கை செதுக்கும்போது உடைந்துபோனதால், ஆர்டர் கொடுத்தவர் வேண்டாம் என்றுவிட்டார். பட்டறையில் இடத்தை அடைக்கிறதென்று முதலாளி முணுமுணுக்க, இவன் ஒரு மினி லாரியில் ஏற்றி வந்து எங்கள் மனையில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். வருஷா வருஷம் மழை. வயிறு வரைக்கும் மண்ணில் இறங்கிவிட்டது. முதுகெல்லாம் பாசி. பக்கத்தில் ஆடுகள் படுத்துக் கிடக்கும். எங்களுக்கு அது கண்ணில் படுவதே நின்றுபோயிருந்தது.

ஓவர்சியருக்குப் பட்டது. இது எவ்வளவு நாளாக இங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். இவர் அமர்த்தலாக, "அது எந்தக் காலத்துலேர்ந்தோ கீது சார்" என்றிருக்கிறார்.

மாமல்லபுரம் கூப்பிடு தூரம். பாசி பிடித்த யானை. எந்தக் காலத்திலிருந்தோ. பாவம், அந்த மனுஷனுக்கு வேறு என்ன தோன்றும்? பழைய சிற்பம் காணப்படுகிறது, தொல்லியல் துறையின் கருத்து வேண்டும், அதுவரை யாரும் தொடக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ராத்திரி நான் சாமியாடினேன். "யோவ், அது என் தம்பி கெடுத்த யானைன்னு ஒரு வார்த்தை வாயில வரலியா உனக்கு?"

"எவ்ளோ நாளா கீதுன்னுதான் கேட்டாரு. யாரு செஞ்சதுன்னு கேக்கலியே," என்றார். அந்த மூஞ்சியைப் பார்த்து மேற்கொண்டு கோபப்படக்கூட முடியவில்லை.

ஆளை வைத்துத் தூக்கி வேறு எங்காவது போட்டுவிடலாம் என்றார். எழுதிவிட்டுப் போனதைத் தூக்கினால் கடை கிடைக்காது, கேஸ்தான் கிடைக்கும் என்று நான் தடுத்துவிட்டேன். செய்தவனையே கூட்டிப்போய்ச் சொல்ல வைத்தால் முடிந்தது என்று, அடுத்த லீவு நாளில் தம்பியை இழுத்துக்கொண்டு ஒன்றிய அலுவலகத்துக்குப் போனேன்.

அதிகாரி, "இது நீங்க செஞ்சதா?" என்றார்.

"என் கை வேலை சார்," என்று ஆரம்பித்தான் தம்பி. அதோடு நிறுத்தியிருக்கலாம். "நம்ம வேலை அப்படியே அந்தக் காலத்து வேலை மாதிரியே இருக்கும் சார். பக்கத்துல வெச்சா எது பழசு எது புதுசுன்னு எவனாலயும் கண்டுபுடிக்க முடியாது."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "யாராலும் கண்டுபிடிக்க முடியாதுன்னா நான் மட்டும் எப்படிக் கண்டுபிடிக்கிறது? அவங்களே வந்து பார்க்கட்டும்."

கிளார்க் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அதோடு போகவில்லை. சர்க்காரே பழைய சிற்பம் என்று நினைத்துவிட்டார்கள் என்பது பட்டறை முழுக்கப் பரவிவிட்டது. கூட வேலை செய்கிறவர்கள் இவனை 'பல்லவரே' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "பல்லவரே, டீ வந்துகினு கீது." இவனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோய்விட்டது. கோவளத்தில் ஒரு ரிசார்ட்காரர் கதையைக் கேள்விப்பட்டு, அதே மாதிரி இரண்டு யானை வேண்டும் என்று ஆர்டரே கொடுத்துவிட்டார்.

மாதங்கள் போயின. ஒருவழியாகத் தொல்லியல் துறையிலிருந்து ஆள் வருகிறார்கள் என்று தகவல் வந்ததும் தம்பியிடம் போனேன். "இந்தத் தடவ ஒழுங்கா சொல்லு. உடைஞ்சிபோன யானை, தூக்கிப் போட்டதுன்னு சொல்லு."

அவன் முகம் தொங்கிவிட்டது. "கெடுத்துட்டேன்னு என் வாயாலயே சொல்லச் சொல்றியாக்கா? அப்புறம் பட்டறையில தலை காட்ட முடியுமா? ஆர்டர் இன்னாவுறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சண்டைக்காரி என்று பெயர் எடுத்தவள் நான், அவன் எதிரில் அழுததே கிடையாது. "உனக்குத் தலை போவுது. எனக்கு ரெண்டு காலும் போவுதுடா," என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்த வழியெல்லாம் வலது முட்டி குத்திக்கொண்டே இருந்தது. எத்தனையோ தடவை சிரித்துக்கொண்டே தள்ளிப் போட்ட அலுவலகத்தின் மேல்கூட எனக்கு அவ்வளவு வருத்தம் வந்ததில்லை.

துறையிலிருந்து வந்தது ஒரு பெண் அதிகாரி. ஓவர்சியர் கூட வந்தார், கிளார்க்கும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். ஊரில் பாதிப் பேர் மனையைச் சுற்றி நின்றார்கள். பட்டறை ஆட்கள் நாலைந்து பேர் பைக்கில் வந்து இறங்கினார்கள். தம்பி எல்லோருக்கும் பின்னால் நின்றான். நான் எல்லைக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மா குனிந்து யானையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பாசியை விரலால் தள்ளிப் பார்த்தார். நிமிர்ந்து, "இதைச் செஞ்சவர் வந்திருக்காரா?" என்று கேட்டார்.

தம்பி என்னைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தவன், அப்புறம் கல்லைப் பிடித்திருந்த கையை, அப்புறம் கீழே என் காலைப் பார்த்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து யானைக்குப் பக்கத்தில் மண்டிபோட்டான். வயிற்றுக்கு அடியில் கையாலேயே மண்ணைத் தோண்டினான்.

"இங்க பாருங்க மேடம். கட்டர் மிஷின் போட்டு அறுத்த கோடு. நான் செஞ்சதுதான்." கனைத்துக்கொண்டான். "தும்பிக்கை கிட்ட அவசரப்பட்டேன், உளி எகிறிடுச்சு. காது ஒன்னு பெருசு, ஒன்னு சிறுசு. வேணாம்னுட்டாங்க. கெட்டுப்போன வேலை மேடம் இது. அதான் கொண்டாந்து அக்கா மனையில போட்டேன்."

"காதைப் பார்த்ததுமே நினைச்சேன்," என்றார் அந்த அம்மா. யானையின் முதுகைத் தடவிப் பார்த்தார். "முதுகு மட்டும் ரொம்ப நல்லா வந்திருக்கு."

பட்டறை ஆட்கள் சிரிக்கப் போகிறார்கள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், சிரித்தால் ஒரு கை பார்த்துவிடுவது என்று. ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவர்களில் ஒருவர் தம்பியின் தோளில் கை போட்டு, "வுடு மச்சான், என் கையில எத்தினி மூக்கு போயிருக்குது தெரியுமா," என்றார். அவ்வளவுதான், ஆளாளுக்குத் தான் உடைத்த கணக்கைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ரிசார்ட்காரரும் ஆர்டரை வாபஸ் வாங்கவில்லை. தும்பிக்கை முழுசாக இருந்தால் போதும் என்றாராம்.

அப்புறமும் உடனே நடந்துவிடவில்லை. துறையின் கடிதம் வர வேண்டும், அதைக் கூட்டத்தில் வைக்க வேண்டும், கூட்டம் இன்னொரு தடவை தள்ளிப்போனது. எங்களுக்கு இன்னும் கொஞ்சம் மசால் வடை, இன்னும் கொஞ்சம் மீன். ஒருநாள் கிளார்க் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றே காகிதத்தை நீட்டினார். "வரும்னு சொன்னேன் இல்ல," என்றார். அந்த ஆளுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று முகத்திலேயே தெரிந்தது.

இப்போது கடை இருக்கிறது. ஃப்ரீசர் உறுமிக்கொண்டே இருக்கிறது. யானைக்குட்டியை மண்ணிலிருந்து எடுத்துக் கழுவி, வாசலில் வேப்ப மரத்தடியில் வைத்திருக்கிறோம். ஸ்டாஃப் பஸ்சுக்கு நிற்கிறவர்கள் அதன் முதுகில்தான் உட்காருகிறார்கள். என் தம்பி டீ குடித்துக்கொண்டே, சர்க்காரையே ஏமாற்றிய யானை இது என்று அவர்களுக்குக் கதை சொல்லுவான். இப்போதெல்லாம் உடைந்த தும்பிக்கையையும் அவனே காட்டிவிடுகிறான்.

கடை திறந்த அன்று விடியற்காலையில் முதல் ஆளாக வந்ததும் அவன்தான். நான் கல்லாவுக்குப் பின்னால், சக்கரம் வைத்த நாற்காலியில், புதுப் புடவையோடு மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து ஒரு பால் பாக்கெட்டை எடுத்து மேஜையில் வைத்தான். நான் பில் போடக் கையை நீட்டினேன். நீட்டியபோதுதான் கவனித்தேன், நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவன் பாலை எடுக்கவில்லை. பையில் கை விடவும் இல்லை. என் காலைப் பார்த்தான்.

"உக்காருக்கா," என்றான். நான் உட்காரும் வரைக்கும் அப்படியே நின்றான்.