பழமில்லாத கொத்து

வின்னி ப்ரீஸ் ஏணியிலிருந்து இறங்கும்போது கடைசிப் படியில் சற்று நேரம் உட்கார்ந்துவிடுவார். எங்கள் பண்ணைக்கு அடுத்த ஆப்பிள் தோட்டம் அந்த அம்மாளுடையது. இலையெல்லாம் உதிர்ந்த டிசம்பரில், கிளைகளுக்கிடையே பச்சைப் பந்துகளாகத் தொங்கும் புல்லுருவியை அறுத்து பக்கத்து ஊரான டென்பரியில் நடக்கும் ஏலத்துக்குக் கொண்டுபோவார். வெள்ளை மணிபோலப் பழம் பிடித்த கொத்துகளைத்தான் நகரத்து வியாபாரிகள் கேட்பார்கள். கிறிஸ்துமஸுக்கு அதை வாசலில் கட்டி, அடியில் நின்று முத்தமிட்டுக்கொள்வார்கள். வின்னி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "ஊரார் முத்தத்துக்கெல்லாம் ஏணி ஏறுறது நான்தான்" என்பார். சொல்லும்போது சிரிக்கமாட்டார்.

அவரோடு இருப்பது தம்பி கில்பெர்ட். சிறு வயதிலிருந்தே வலிப்பு. அப்போது அவர்களுடைய அம்மா புல்லுருவி இலையைக் காய்ச்சிக் கொடுத்தார். பறவை பழத்தைத் தின்றுவிட்டு அலகைக் கிளையில் துடைக்கும். ஒட்டிக்கொண்ட விதை அங்கேயே முளைத்து மரத்துக்குள் வேர்விடும். மண்ணையே தொடாத செடி அது. அதனால் மனிதனை மண்ணில் விழவைக்கும் நோய்க்கு அதுதான் மருந்து என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதற்காக அறுக்கிற கொத்து தரையில் படக்கூடாது. பட்டால் குணம் போய்விடும். டாக்டர் மாத்திரை வந்தபின் கஷாயம் நின்றது, வழக்கம் நிற்கவில்லை. புத்தாண்டுக் காலையில் கொட்டகைக்குப் பக்கத்துக் கிழட்டு மரத்திலிருந்து புதிய கொத்தை அறுத்து வந்து சமையலறை உத்திரத்தில் கட்டிவிட்டு, பழையதை அடுப்பில் எரிக்கவேண்டும். கில்பெர்ட் தினமும் உத்திரத்துக் கொத்தின் அடியில் நின்றுதான் மாத்திரையை விழுங்குவார்.

போன குளிர்காலத்தில் அந்தக் கொத்தின் பழங்கள் சீக்கிரமே உதிர்ந்தன. மணியெல்லாம் போச்சு, இனி எதுக்கு என்று கில்பெர்ட் மாத்திரையை நிறுத்திவிட்டார். சில நாட்களில் சூடான அடுப்பின் மேல் விழுந்தார். காதிலிருந்து தாடைவரை தழும்பு. அதன் பிறகுதான் மாத்திரைக்குத் திரும்பினார். அன்றிலிருந்து வின்னிக்கு ஒரே பயம். பழமில்லாத கொத்தைக் கட்டினால் இவன் மறுபடியும் மாத்திரையைத் தொடமாட்டான்.

இந்த முறை கிழட்டு மரத்தில் ஒரு பழம்கூட இல்லை. மற்ற மரங்களில் பழம் பிடித்ததையெல்லாம் ஏற்கெனவே ஏலத்துக்கு அறுத்துத் தரையில் போட்டாயிற்று. புல்லுருவிக்குக் குறைவில்லை, பந்து பந்தாக மண்டிக் கிடந்தது. கிழட்டு மரம்தான் ஒரு பக்கம் பட்டுப்போயிருந்தது.

ஏலத்தன்று வின்னி இதை பெர்ஸ் க்வில்லியமிடம் சொன்னார். பெர்ஸும் புல்லுருவி அறுக்கிறவர், வாய் சும்மா இருக்காது.

"பழம் எப்படி வரும் வின்னி? பொண்ணுங்களையெல்லாம் வருஷா வருஷம் நீயே வித்துட்ட. மரத்துல மிச்சம் நிக்கிறது பூரா ஆம்பளைங்க. ஒரு வேலையும் செய்யாம மரத்தை உறிஞ்சிக்கிட்டு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். புல்லுருவியில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு, பழம் பெண்ணில்தான் என்பது வின்னிக்கும் தெரியும். ஆனால் பழமில்லாததை அறுக்க ஏணி ஏறத் தெம்பு வேண்டாமா? விலைபோவதை அறுத்தார், மற்றதை விட்டார். விட்டதெல்லாம் வளர்ந்தது. எங்கள் பக்கத்துத் தோட்டங்கள் பலவற்றில் இதே கதைதான்.

பெர்ஸ் தன் புல்லுருவிக் கட்டிலிருந்து ஒரு கொத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நல்ல பழம். ஆனால் ஏலத்தில் எல்லாக் கட்டுகளும் வரிசையாகத் தரையில்தான் கிடக்கும். வின்னி குனிந்து தொட்டுப் பார்த்தார். ஈரமண் ஒட்டியிருந்தது. வேண்டாமென்று வந்துவிட்டார். துடைத்துக் கட்டியிருந்தால் கில்பெர்ட்டுக்குத் தெரியவா போகிறது என்று என் அம்மா கேட்டாள்.

"எனக்குத் தெரியுமே" என்றார் வின்னி.

புத்தாண்டுக் காலையில் நடந்ததையும் அம்மாவிடம் அவர்தான் சொன்னார். முழங்கால் வலியோடு கிழட்டு மரத்தில் ஏறி, ஆண் கொத்து ஒன்றை அறுத்து, தோளில் தொங்கிய கோணிப்பைக்குள் வைத்து, தரையில் படாமல் கொண்டுவந்து கட்டினார். கில்பெர்ட் மாத்திரை டப்பாவோடு மேசையருகில் உட்கார்ந்து வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"பழம் இல்ல, கில்பெர்ட். தேடாத இடமில்ல" என்றார் வின்னி.

"பழம் எதுக்கு? அம்மா காய்ச்சினது இலையை. பழத்துல கைய வெச்சா, விஷம்டான்னு அடிப்பா."

"அப்போ போன வருஷம் மணி போச்சுன்னு நிறுத்தினியே?"

கில்பெர்ட் தழும்பைத் தடவிக்கொண்டார். "அந்த மாத்திரையைப் போட்டா நாள் பூரா தூக்கம், வின்னி. மாட்டுக்குத் தண்ணி வெச்சேனான்னுகூட ஞாபகம் இருக்காது. சலிச்சுப்போச்சு. அதைச் சொன்னா நீ விடமாட்ட. பழம்னு சொன்னா விட்டுடுவ."

வின்னி கோபப்படத்தான் நினைத்தார். அதற்கும் தெம்பு வேண்டுமே. கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

கில்பெர்ட் எழுந்து கொத்தின் அடியில் போய் நின்றார். "நீயும் ஒண்ணு போட்டுக்கோ. உன்னைப் பாத்தா என்னைவிட உனக்குத்தான் தூக்கம் வேணும்போல" என்று சொல்லிவிட்டு மாத்திரையை விழுங்கினார். பழைய கொத்தையும் அவரே அடுப்பில் போட்டார். காய்ந்த இலைகள் படபடவென்று எரியும் சத்தம்வரைதான் வின்னிக்கு நினைவிருக்கிறது.

தூக்கம் வராத வேறு மாத்திரை உண்டா என்று கேட்க இருவரும் டாக்டரிடம் போகப்போகிறார்கள். ஏணி இன்னும் மரத்தில் சாய்ந்தபடியே இருக்கிறது. மிச்சமிருக்கும் ஆண் கொத்துகளில் பாதியையாவது அறுக்காவிட்டால் மரம் போய்விடும், அடுத்த புத்தாண்டுக்குப் புல்லுருவி இலைகூட மிஞ்சாது. வியாழக்கிழமை ஏறப்பார்க்கிறேன் என்கிறார் வின்னி.