இரண்டாம் அறையின் இருபத்திரண்டு நிமிடம்

அந்த விசாரணை மன்றக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் ‘சவுண்டு’. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாத மனுஷனுக்கு இப்படியொரு பட்டம். வைத்தவர்கள் மாடியில் தட்டச்சு செய்யும் பெண்கள்.

கீழே நான்கு விசாரணை அறைகள். மேலே பதினோரு கணினிகள். அறைகளின் மைக்குகளில் விழும் பேச்சையெல்லாம் ஒரு சர்வர் வாங்கிப் பதிவு செய்து, நெட்வொர்க் வழியாக அந்தந்தப் பெண்ணின் ஹெட்போனுக்கு அனுப்பும். இளவயதில் பொதுக்கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்த சவுண்டுதான் அதைப் பத்தொன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மதியம் ஒரு மணி. மூன்றாவது மேஜைப் பெண் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

“அண்ணே, ஒரே கரகரப்பு. காலையில பதிவான ஒரு வரிகூட புரியல.”

சர்வரை நிறுத்தித் திரும்ப ஓட்டினால் சரியாகிவிடும். ஆனால் நான்கு அறைகளின் பதிவும் அறுந்துபோகும்; அந்தந்த அறையில் மறுபடி பொத்தானை அழுத்தினால்தான் ஓடும். அதனால் முதலில் நான்கு அறைக்கும் போன் செய்து கேட்க வேண்டும் என்பது விதி. மூன்று அறையில் போனை எடுத்த எழுத்தர்கள் ‘எல்லாரும் சாப்பிடப் போயாச்சு’ என்றார்கள். இரண்டாம் அறையில் யாரும் எடுக்கவில்லை. அவர்களும் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, ஒன்று ஐந்துக்குச் சர்வரை நிறுத்தி ஓட்டினார். கரகரப்பு நின்றது.

இரண்டாம் அறையில் யாரும் சாப்பிடப் போகவில்லை. தொழிற்சாலைத் தீ விபத்தில் மகளைப் பறிகொடுத்த ஓர் அம்மா சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று அந்த அறை எழுத்தர் போன் மணியை அமுக்கி வைத்திருந்தார். பதிவு ஓடவில்லை என்று அவர் கண்டுபிடித்தபோது மணி ஒன்று இருபத்தேழு.

மேலாளர் சவுண்டைத் தனியே கூப்பிட்டார். “கரண்ட் போச்சுன்னு எழுதிடலாம். பத்தொன்பது வருஷ சர்வீஸ்யா, வீணாக்கிக்காதே.”

சவுண்டு தலையாட்டிவிட்டு வந்தார். வீட்டில் பாதிச் சோற்றோடு தட்டை நகர்த்தி வைத்தார். மனைவி கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கினாள்.

“அப்ப அந்தம்மா எல்லாத்தையும் மறுபடி சொல்லணுமா?”

“ஆமா.”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

நான்கு நாள் கழித்து அந்த அம்மா மறுபடி வந்தார். அன்று விசாரித்தது வேறொரு நீதிபதி. சவுண்டு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். மகள் உள்ளிருந்து போன் செய்தது, ‘கதவு வெளிய பூட்டியிருக்கும்மா’ என்றது, அப்புறம் இருமல் மட்டும் கேட்டது. அந்த அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், கண்ணைச் சுவரில் நட்டுக்கொண்டு சொல்லி முடித்தார்.

தொழிற்சாலை வக்கீல் எழுந்தார். “ஐயா, இது யாரோ சொல்லிக் கொடுத்து ஒப்பிக்கிற மாதிரி இருக்கு. அதையும் குறிச்சுக்கணும்.”

சவுண்டு தன்னையறியாமல் எழுந்து நின்றார்.

“ஐயா, தப்பு என்னோடது.”

நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “யாருங்க நீங்க?”

“சர்வர் பாக்கிறவன். கரண்ட் போகலைங்க. விசாரிக்காம நான்தான் நிறுத்தினேன். முதல் தடவை அந்தம்மா அழுது அழுது சொன்னாங்களாம், எழுத்தர் சொன்னார். அதை அழிச்சது நான். ஒருத்தர் எத்தனை தடவைங்க அழுவாங்க?”

எழுத்தரும் எழுந்து ஆமோதித்தார். வக்கீலின் பேச்சை நீதிபதி குறிப்பில் ஏற்றவில்லை. அந்த அம்மாவின் சாட்சியம் ஏற்கப்பட்டது. கதவைப் பூட்டச் சொன்னவர் மேல் வழக்குப் பதிவாக அது ஒரு காரணமானது. சவுண்டுக்கும் மேலாளருக்கும் மெமோ வந்தது. மேலாளர் ஒரு வருஷம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

சாட்சி முடிந்த அன்றே வெளி வாசலில் சவுண்டு அந்த அம்மாவிடம் போய் நின்றார். “மன்னிச்சிடுங்கம்மா.”

“முதல் தடவை நான் சொன்னது உங்க காதுல விழுந்துச்சா?”

“இல்லம்மா.”

“இன்னிக்கு?”

“எல்லாம் கேட்டேன்.”

 அந்த அம்மா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். மன்னித்தாரா என்று சவுண்டுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருந்தது. சர்வரை நிறுத்த வேண்டி வந்தால், முட்டிவலியோடு படி இறங்கி நான்கு அறைக்கும் போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வருவார்.

“போன் எதுக்கு இருக்குண்ணே?” என்று பெண்கள் கிண்டல் செய்வார்கள்.

“கால் இருக்குல்ல,” என்பார் சவுண்டு.