ஐந்தாவது கேள்விக்காகச் சுண்ணாம்பு அடித்தோம்

முதலில் மன்னிப்பு. எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். போதாக்குறைக்கு மறதி வேறு. போன வாரம் மாரிகுப்பம் ரயில் புறப்படும் நேரத்தை மாற்றி எழுதிவிட்டேன் என்று இரண்டு பேர் பத்திரிகைக்கு போன் செய்து திட்டியிருக்கிறார்கள். திட்டட்டும். ரயிலைத் தவறவிட்டவர்களுக்கு அந்த உரிமை உண்டு.

ஆனால் இந்த வாரம் திட்டப் போகிறவள் நான்.

என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ரேஷன் கடையில் எடை குறைந்தால்கூட வாய் திறக்காமல் பையை மூடிக்கொண்டு வருகிறவள். ஆம்பளைகள் நாலு பேர் இருந்தால் கதவு ஓரமாகவே நிற்கிறவள். அப்படிப்பட்டவள் போன செவ்வாய்க்கிழமை ஒரு டி.வி. பெட்டியைப் பார்த்துக் கத்தினேன் – பத்துப் பதினைந்து பேர் முன்னால்!

யாரைப் பார்த்து? டெல்லி பார்லிமெண்டில் ஒரு காலி நாற்காலியைப் பார்த்து.

விஷயத்துக்கு வருகிறேன். நான் இருப்பது தங்கச் சுரங்கக் கம்பெனி கட்டிய லைன் வீடு. ஒரே நீளக் கூரை, அதன் கீழே பத்துக் குடும்பம். என் வீட்டுக்காரர் பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அவர் போய்ச் சேர்ந்தும் பத்து வருஷத்துக்கு மேல். சுரங்கத்தை மூடியபோது ‘இருக்கிறவர்கள் இருந்துகொள்ளுங்கள்’ என்றார்கள். இருக்கிறோம். ஆனால் வீடு யாருடையது? கேட்டால் ஒரு ஆபீஸ் இன்னொரு ஆபீசைக் கைகாட்டுகிறது. எங்கள் லைனில் ஒருத்தர் பெயரிலும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

என் அடுப்படிக்கு மேலே கூரைத் தகடு விரிசல் விட்டு இரண்டு மழைக்காலம் ஆயிற்று. மழை வந்தால் அடுப்பைத் தூக்கிக்கொண்டு படுக்கிற அறைக்குப் போகிறேன். கூரையை மாற்ற அனுமதி கேட்கப் போனால், ஆபீஸ் பையன் கன்னடத்தில் மரியாதையாகத்தான் சொன்னான்: “மனெ பத்ர தகொண்டு பன்னி, அஜ்ஜி.” வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுவரணுமாம். பத்திரம் இருந்தால் நான் ஏனப்பா உன்னிடம் வந்து நிற்கிறேன்... என்று கேட்கவில்லை. நான்தான் வாய் திறக்காதவளாயிற்றே! ஆனால் ஒன்று மட்டும் புரிந்தது. நாளைக்கு யாராவது வந்து ‘வெளியே போ’ என்றால், போகாமல் இருக்க என்னிடம் ஒன்றுமே இல்லை.

பக்கத்து வீட்டு மல்லிகாவுக்கும் இதே கதைதான். அவள் பெங்களூரில் ஒரு தையல் கம்பெனியில் சூப்பர்வைசர். விடியற்காலை ரயிலில் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவள். ரயிலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டு வந்தபோது, வேறு மாநிலத்து எம்.பி. ஒருவர் ஏழைகளின் வீட்டைப் பற்றி மேஜையைத் தட்டிப் பேசியதைப் பார்த்திருக்கிறாள். உடனே எங்கள் கதையை எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, அவருக்கு அனுப்பிவிட்டாள். எல்லோருக்கும் கடைசியில் நானும் போட்டேன்.

பதில் வராது என்று இருந்தோம். வந்துவிட்டது! அவர் எங்கள் வீடுகளைப் பற்றிக் கேள்வி கொடுத்திருக்கிறார். எத்தனையோ பேர் கேள்வி கொடுப்பார்களாம். குலுக்கல் போட்டுத்தான் எடுப்பார்களாம். குலுக்கலில் எங்கள் கேள்வி விழுந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை வரிசையில் ஐந்தாவது. மந்திரி எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. பதில் மழுப்பலாக இருந்தால், கேட்டவர் அங்கேயே மேற்கொண்டு மடக்கலாம்.

“எப்போ தருவீங்க, தேதி சொல்லுங்க – அத மட்டும் கேக்கச் சொல்லியிருக்கேன் பெரிம்மா” என்றாள் மல்லிகா.

அப்புறம் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது. லைன் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தோம்.

ஏன் என்கிறீர்களா? கம்பெனி காலத்துப் பழக்கம். வீடு பார்க்க ஆபீசர் வருகிறார் என்றால் முதல் நாளே சுண்ணாம்பு அடித்து, கதவில் நம்பரைக் கறுப்புப் பெயின்டில் புதுசாக எழுதிவைக்க வேண்டும். அப்போதுதான் ஆபீசர் ‘குட்’ என்று நோட்டில் எழுதுவார். டெல்லியில் கேள்வி என்றால் அடுத்த நாளே அளக்க ஆள் வருவார்கள் என்று யாரோ சொன்னார்கள். யாரும் மறுக்கவில்லை. அவரவர் சுண்ணாம்பு மட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம். இந்த வயதில் நானும் ஸ்டூல் போட்டு ஏறினேன். முழங்கால் இன்னும் பேசுகிறது.

செவ்வாய்க்கிழமை மல்லிகா லீவு போட்டாள். ஏழுமலை அண்ணன் வீட்டில்தான் பெரிய டி.வி. அவருக்கு எண்பது வயது. சுரங்கத்துக்குள் ஆள் இறங்குகிற குழி, அந்த ஷாஃப்ட் வாயில் மணி அடித்தவர். கீழே இருக்கிறவர்கள் கயிற்றை இழுத்து மணி அடித்தால், மேலே இவர் பதில் மணி கொடுத்து, ஆட்கள் நிற்கிற கூண்டை, கேஜை, ஏற்றி இறக்க வேண்டும். அன்றைக்குச் சலவைச் சட்டை போட்டு, தலை சீவி, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“இன்னா அண்ணே, பொண்ணு பாக்கவா போற?” என்றாள் மல்லிகா.

“மந்திரி என்னப் பாக்க மாட்டாரு. நான் அவரப் பாக்கறேன்ல? மரியாத வேணாவா?” என்றார்.

பதினொரு மணிக்கு ஆரம்பித்தது. முதல் பத்து நிமிஷம் ஒரே கூச்சல். யார் எதற்குக் கத்துகிறார்கள் என்று மல்லிகாவுக்கே புரியவில்லை. அவளுக்கு இந்தி கொஞ்சம் தெரியும், அவள்தான் எங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒருவழியாக அடங்கியது. முதல் கேள்வி, ஏதோ உரம் பற்றி. இரண்டாவது, ரோடு. மூன்றாவதும் நாலாவதும் எனக்கு நினைவில்லை. 

“ஐந்து” என்றார் சபாநாயகர். எம்.பி. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

மந்திரி பாதி எழுந்துவிட்டார். கையில் காகிதம். எங்கள் காகிதம்! 

சபாநாயகர் எம்.பி. உட்காரும் பக்கம் பார்த்தார். இன்னொரு தடவை பெயரைச் சொன்னார். கேமரா திரும்பியது.

நாற்காலி காலி.

“ஆறு” என்றார் சபாநாயகர்.

மந்திரி உட்கார்ந்துவிட்டார். பேருந்தில் ‘ஸ்டாப்பிங் இல்லை’ என்று தாண்டிப் போவார்களே... அதற்குக்கூட இதைவிட நேரம் ஆகும்.

“எங்கய்யா போய்ட்ட?”

யார் கத்தியது என்று எல்லோரும் திரும்பினார்கள். நான்தான். எழுந்து நின்றுகொண்டிருந்தேன். “ஸ்டூல் போட்டு ஏறிச் சுண்ணாம்பு அடிச்சேனேய்யா! ஒரு எடத்துல குந்தறதுக்கு உனக்கு இன்னா கஷ்டம்? எழுந்து போன எடம் எது, சொல்லிட்டுப் போ!”

ஏழுமலை அண்ணன் என்னைப் பார்த்தார். “தங்கச்சி, உனக்கு வாய் கீதா?” என்றார். 

மல்லிகா வாசலுக்குப் போய் அந்த எம்.பி.யின் ஆபீசுக்கு போன் போட்டாள். திரும்பி வந்தபோது அவள் முகம் சுவரைப் போல வெளுத்திருந்தது.

“ஊர்ல ஒரு கல்யாணமாம் பெரிம்மா. சாருக்கு ரொம்ப வேண்டியவங்களாம். ‘மறுபடி கேளுங்க’ன்னேன். ‘கொடுக்கலாம், குலுக்கல்ல விழணுமே’ன்றான் போன எடுத்தவன்.”

கல்யாணம். நல்ல காரியம்தான், மணமக்கள் நன்றாக இருக்கட்டும். ஆனால் நான் கேட்கிறேன்: கேள்வி கொடுத்தது அவர்தானே? நாங்கள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தோமா? வர முடியாது என்றால், ‘ஐயா, என் கேள்வி இருக்கிறது, பாவப்பட்ட ஜனங்கள் காத்துக்கிடக்கிறார்கள்’ என்று பக்கத்தில் இருப்பவரிடமாவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக் கூடாதா?

ஏழுமலை அண்ணன் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: “முப்பத்தஞ்சு வருசம் மணிகிட்ட நின்னேன். கீழ ஆளு இருக்கறப்போ ஒண்ணுக்குக்கூடப் போவமாட்டேன். மாத்து ஆளு வந்து கயித்தத் தொட்டாத்தான் நவுருவேன். எங்கம்மா செத்த சேதி ஷாஃப்ட் வாயில வச்சுத்தான் சொன்னாங்கோ. மாத்து ஆளு வர்ற வரிக்கும் மணி அடிச்சிகினுதான் இருந்தேன்.”



சாயங்காலம் மல்லிகா போனில் தேடி ஒன்றைக் கண்டுபிடித்தாள். வாயால் சொல்லாமல் போன பதிலையும் எழுத்தில் வெளியிட்டுவிடுவார்களாம். மந்திரி கையில் இருந்த அதே காகிதம்! படி, படி என்றோம். அரைப் பக்கம் இருந்தது. நகராமல் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ஒரே வரி – ‘பரிசீலனையில் உள்ளது.’

“இன்னாது?” என்றார் ஏழுமலை அண்ணன்.

“யோசிச்சிகினு கீறாங்களாம்” என்றாள் மல்லிகா.

“கீழருந்து மணி வந்தா மேல பதில் மணி அடிக்கணும். ஏறு, எறங்கு, நில்லு – எல்லாத்துக்கும் மணி கீது. யோசிக்கறதுக்குன்னு ஒரு மணி எந்த ஷாஃப்ட்லயும் கெடயாது” என்று எழுந்து போய்ச் சட்டையைக் கழற்றினார்.

‘எப்போது?’ என்று மடக்க வேண்டிய இடம் அதுதான். மடக்க ஆள் இல்லை. எழுத்தில் வந்த பதிலைத் திருப்பி யார் கேட்பது? என் நாலாம் வகுப்பு வாத்தியார் ‘யோசிக்கிறேன் சார்’ என்று சொன்ன பிள்ளைகளை பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு மதியம் என் வீட்டில் சமைத்துக்கொண்டே, நடுவில் நடுவில் ஏழுமலை அண்ணன் வீட்டுக்கு வந்து டி.வி.யைப் பார்த்தேன். ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். என்ன சட்டம் என்று விசாரிக்க ஆள் இல்லை, மல்லிகா படுத்துவிட்டாள். நான் போய் அரிசி களைந்து உலையில் போட்டுத் திரும்புவதற்குள் மேஜையைத் தட்டுகிறார்கள்... நிறைவேறிவிட்டதாம்! அது நல்ல சட்டமாகவே இருக்கட்டும். சட்டம் போட ஒரு உலை கொதிக்கிற நேரம். ஒரு லைன் வீட்டுக்குப் பத்திரம் கொடுக்க இருபது வருஷத்துக்கு மேல் யோசனை. இது என்ன கணக்கு?

வெள்ளிக்கிழமை காற்று அடித்தது. சுரங்கக் கழிவைக் கொட்டிவைத்த சயனைட் மேட்டிலிருந்து தூசி கிளம்பி, எங்கள் புதுச் சுண்ணாம்பு மறுபடி சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. அளக்க யாரும் வரவில்லை. கதவில் நம்பர் மட்டும் பளிச்சென்று இருக்கிறது.

ஆனால் சனிக்கிழமை ரேஷன் கடையில் எடை குறைந்தது. “தம்பி, மறுபடி போடு” என்றேன். போட்டான். கத்திப் பழகிய வாய் இனி சும்மா இருக்காது போலிருக்கிறது. மல்லிகா இன்னொரு மனு எழுதுகிறாள். இந்தத் தடவை முதல் கையெழுத்து நான்தான் போட்டேன். 

வழக்கம்போல என் மறதியை நம்பாதீர்கள். எங்கள் கேள்வி வரிசையில் ஐந்தாவதா ஆறாவதா, முதல் கேள்வி உரமா விதையா, சபாநாயகர் பெயரைச் சொன்னது இரண்டு தடவையா ஒரே தடவையா – விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துப் பத்திரிகைக்கு எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

நாற்காலி காலியாக இருந்ததை மட்டும் சரிபார்க்க வேண்டாம். அதை நான் மறக்க மாட்டேன்.