வெள்ளைக்கார அப்பா

மெல்பேர்னின் டண்டினொங் பகுதியில் உள்ள பண்டகசாலையின் சாப்பாட்டு அறையில், சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் ரைவோ நாடக வசனத்தைத் தொடங்குவார். மைக்ரோவேவுக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் நடுவே வெறுங்காலோடு நடந்தபடி, "மழை வரப்போகுது, உள்ளுக்கு வாங்கோ" என்பதைக் கோபமாகவும் கெஞ்சலாகவும் சொல்லிப் பார்ப்பார். குறில் நெடிலில் தகராறு இல்லை. அவருடைய எஸ்தோனிய மொழியிலும் உயிரை நீட்டினால் பொருள் மாறும். 'ழ' மட்டும் வாயில் வராது. தமிழ் சொல்லிக்கொடுத்த வேலைத்தோழர்களுக்கும் அது வராததால் யாரும் குறை கண்டதில்லை.

எஸ்தோனியாவின் தாலின் நகர மேடைகளில் அரசனாகவும் குடிகாரனாகவும் நின்றவர். படங்களிலும் நடித்தார், ரொட்டிக் கடையில் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்களாம். மனைவிக்கு மெல்பேர்ன் மருத்துவமனையில் வேலை கிடைத்ததும் கூடவே வந்தார். இங்கே கமெரா முன் கிடைத்ததெல்லாம் ரஷ்ய அடியாள் வேடம். ஒரு தொடரில் சுடப்பட்டார். இன்னொன்றில் கார் டிக்கிக்குள் பிணமாகக் கிடந்தார். அடுத்த அழைப்பை மறுத்துவிட்டுப் பொதி கட்டும் வேலைக்கு வந்துவிட்டார்.

"என்ர நாட்டைப் பிடிச்ச ரஷ்யன்ர வேஷம். எப்பவும் அதுதான்," என்றார் ஒருநாள், பக்கத்தில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த மயூரதனிடம்.

இலங்கையிலிருந்து படகில் வந்து இன்னமும் தற்காலிக விசாவில் இருக்கும் மயூரதன் டேப்பைக் கீழே வைத்தார். "விளங்குது அண்ணை. எனக்கு நல்லா விளங்குது."

நேசமலர் என்பவர் நடத்தும் தமிழ் நாடகக் குழுவுக்கு ரைவோவைக் கூட்டிப்போனவரும் அவர்தான். அங்கே விசா அதிகாரியாக நடிக்க ஒரு வெள்ளைக்காரர் தேவைப்பட்டார். தன் காட்சி முடிந்தாலும் ரைவோ வீட்டுக்குப் போக மாட்டார். மூலையில் இருந்து எல்லோருடைய வசனத்துக்கும் வாயசைப்பார்.

மேடையேற்றம் நெருங்கிய வேளையில், படகேறிய மகனின் அழைப்புக்குக் காத்திருக்கும் அப்பாவாக நடித்த வரதராஜா நெஞ்சுவலியில் படுத்துவிட்டார்.

"நான் செய்யிறன்," என்றார் ரைவோ.

நேசமலர் தலையில் கைவைத்தார். "வெள்ளைக்காரன் எங்கட அப்பாவோ? சனம் சிரிக்கும், ரைவோ."

"சிரிக்கட்டும். பிறகு நிப்பாட்டுவினம்."

வேறு வழியில்லை. அதிகாரியின் கோட்டை மயூரதனுக்கு மாட்டிவிட்டார்கள்.

சனம் சிரிக்கத்தான் செய்தது. முதல் வசனத்துக்கே மண்டபம் குலுங்கியது. ரைவோ அவசரப்படவில்லை. தொலைபேசியைக் காதில் வைத்தபடி, மறுமுனையில் குரல் வராத மனிதராகவே நின்றார். சிரிப்பு மெல்ல அடங்கியது. "தம்பி, நான் கதைக்கிறது கேக்குதோ?" என்று அவர் மறுபடி கேட்டபோது, இருமல் சத்தம்கூட எழவில்லை.

நாடகம் முடிந்ததும் வயதான ஒருவர் மேடைக்குப் பின்னால் வந்தார். ரைவோவின் வலக்கையைப் பிடித்துக்கொண்டு, காணாமல்போன தன் மகனைப் பற்றி மூச்சுவிடாமல் பேசத் தொடங்கினார். அந்த வேகத்தில் ரைவோவுக்குப் பாதிகூட விளங்கியிருக்காது என்று மயூரதனுக்குத் தெரியும். மொழிபெயர்க்கலாமென்று கிட்ட வந்தார். ரைவோ திரும்பிப் பாராமல் மற்றக் கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். பிறகு காலால் ஒரு கதிரையை இழுத்து, அந்த மனிதரை அதில் இருத்திவிட்டு, பிடித்த கையை விடுவிக்காமல் எதிரே நிலத்தில் அமர்ந்தார்.