வேர்க்காத எடை

பக்கவாதத்தில் கால் விழுந்த கணவரை, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடாமல் தானே தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கவே தையல்காரம்மா ஜிம்மில் சேர்ந்தார். அங்கே இருபது கிலோ எடைக்கம்பி பூப்போல வந்ததும், ஜெயித்துவிட்டதாக நினைத்து, மாதக்கணக்கில் அதையே தூக்கிக்கொண்டிருந்தார். வீட்டில் கணவர்தான் அசையவில்லை.

"ஜிம்முல வேர்க்கவே மாட்டேங்குது. உங்களத் தூக்கினாதான் மூச்சு வாங்குது."

"வேர்க்கலன்னா அங்க எதுக்குடி போற? நான் உக்காந்த இடத்துலயே வெயிட்ட ஏத்துறேன், நீ அதே இருபதுலயே நிக்கிற!"

அந்த மனிதர் நியாயமாகப் பேசுவது அபூர்வம் என்பதால் தையல்காரம்மாவுக்குக் கோபம் கூடுதலாகவே வந்தது. மறுநாளே கம்பியின் இருபுறமும் ஒவ்வோர் எடைத்தட்டு சேர்த்தார். வேர்த்துக் கொட்டியது. அது பழகியதும் இன்னொன்று. வேர்க்காத நாளில் ஏமாந்தவர்போல வீடு திரும்பினார்.

கடைசியில் ஒரு காலை, தனியாகவே கணவரைத் தூக்கி நாற்காலியில் வைத்தார்.

"உக்காந்தாச்சு, விடுடி."

"இருங்க, இன்னும் ரெண்டு தடவ பாக்கி."